மலம் இறுகிக் குடலை அடைத்துக்கொண்டால்: வீட்டிலிருந்து சி.டி. ஸ்கேன் வரை கண்டறியும் முறை

படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவருக்கு ஒரு வாரமாக வெளிக்குப் போகவில்லை. திடீரென்று ஒருநாள் தண்ணீராகக் கழிகிறது. துணி நனைகிறது, பாய் நனைகிறது. வீட்டில் இருப்பவர்கள் முதலில் "அப்பாடா, போயிடுச்சு" என்று நிம்மதி அடைகிறார்கள். அது நிற்காமல் போகவும், மெடிக்கலில் சொல்லி பேதி நிற்க மாத்திரை வாங்கிக் கொடுக்கிறார்கள். இந்தப் பிரச்சினையில் நடக்கிற பெரிய தவறு இதுதான். இறுகிய மலம் கட்டியாகக் குடலுக்குள் அப்படியே இருக்கிறது. மேலிருந்து வரும் நீர்த்த மலம் மட்டும் அதன் ஓரமாக வழிந்து வெளியே வருகிறது. பார்க்கப் பேதி போலிருந்தாலும் அது மலச்சிக்கல் முற்றிய நிலை. பேதியை நிறுத்தும் லோபரமைடு போன்ற மாத்திரை குடலின் அசைவை இன்னும் குறைத்து, அடைப்பை மேலும் இறுக்கிவிடும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வயதானவர்களை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களையும், அவர்களை முதலில் போய்ப் பார்க்கிற செவிலியர், சுகாதாரப் பணியாளர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஆசனவாய்க்குள் விரல் விட்டுப் பார்க்கும் விரல் பரிசோதனையும் படம் எடுப்பதும் ஆஸ்பத்திரி வேலைதான். ஆனால் அங்கே என்ன செய்கிறார்கள், எதற்காகச் செய்கிறார்கள் என்று கூடப் போகிறவருக்குத் தெரிந்திருந்தால் சரியான தகவலைச் சரியான நேரத்தில் சொல்ல முடியும்.

உள்ளே என்ன நடக்கிறது

பெருங்குடலின் முக்கிய வேலை மலத்திலிருந்து தண்ணீரை உறிஞ்சுவது. மலம் எத்தனை நாள் உள்ளே தங்குகிறதோ அத்தனைக்குக் காய்ந்து இறுகும். பெரும்பாலும் இது பெருங்குடலின் கடைசிப் பகுதியான மலக்குடலிலும் அதற்குச் சற்று மேலே இடுப்பின் இடப்பக்கம் வளைந்து வரும் சிக்மாய்டு பகுதியிலும் சேர்கிறது. மலக்குடல் நாள்பட விரிந்தே இருந்தால் அதன் உணர்ச்சி மங்கிவிடும். வெளிக்கு வருகிறது என்ற உந்துதலே வராது. அதனால்தான் சிலர் "எனக்கு ஒரு தொந்தரவும் இல்லையே" என்கிறார்கள். மாதக்கணக்கில் தேங்கினால் மலம் அடுக்கடுக்காகப் படிந்து கல் போன்ற கட்டியாகும். மருத்துவர்கள் அதை ஃபீக்கலோமா என்பார்கள்.

ஆபத்து கட்டியின் அளவில் மட்டும் இல்லை. குடல் சுவரை அது அழுத்துகிறது. அந்த இடத்தில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் நசுங்கி, ரத்த ஓட்டம் குறைந்து, புண் ஆகிறது. படுக்கையில் கிடப்பவருக்கு முதுகில் படுக்கைப் புண் வருவதற்கு என்ன காரணமோ, அதே காரணம்தான். முதுகில் என்றால் கண்ணுக்குத் தெரியும். இது குடலுக்குள் நடக்கிறது.

படி 1: கேள்விகள்

"வெளிக்குப் போகிறாரா?" என்று கேட்டால் "போகிறார்" என்றுதான் பதில் வரும், தண்ணீராகப் போவதையும் சேர்த்து. அதனால் கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: கடைசியாக நல்லபடியாக, கட்டியாக, போதுமான அளவு எப்போது போனார்? நாள் சொல்லத் தெரியாவிட்டால் சந்தை நாள், அமாவாசை, யாராவது ஊரிலிருந்து வந்த நாள் என்று எதையாவது வைத்து நினைவுபடுத்தச் சொல்லுங்கள். வாரத்துக்கு மூன்று தடவைக்குக் குறைவாகப் போவதைப் பொதுவாக மலச்சிக்கல் கணக்கில் வைப்பார்கள். ஆனால் எண்ணிக்கையை விட, அவருடைய வழக்கத்திலிருந்து எவ்வளவு மாறியிருக்கிறது என்பது முக்கியம்.

மலத்தின் தன்மையைச் சொல்ல பிரிஸ்டல் அளவுகோல் என்று ஒன்று உண்டு. 1997-இல் இங்கிலாந்தில் வெளியானது, 7 வகைகள். முதல் வகை தனித்தனி ஆட்டுப் புழுக்கை. ஏழாவது வெறும் தண்ணீர். சில நாள் புழுக்கையாக வந்து, பிறகு ஒன்றுமே இல்லாமல், அப்புறம் தண்ணீராக வழிந்தால் அந்த வரிசையே பாதி நோயைச் சொல்லிவிடும்.

அடுத்து, காற்று பிரிகிறதா? வாந்தி உண்டா? இந்த இரண்டையும் விடாமல் கேட்க வேண்டும். காற்றும் பிரியாமல், வயிறு உப்பி, வாந்தியும் எடுத்தால் அது முழு அடைப்பு; வீட்டில் வைத்துப் பார்க்கும் கட்டம் தாண்டிவிட்டது. சிறுநீர் எப்படிப் போகிறது என்றும் கேளுங்கள். நிரம்பிய மலக்குடல் முன்னால் இருக்கும் சிறுநீர்ப்பையை அழுத்தும். அதனால் நீர் அடைத்துக்கொள்ளலாம், சொட்டுச் சொட்டாக ஒழுகலாம், அடிக்கடி சிறுநீர்த் தொற்றும் வரலாம். "நேற்று வரை நல்லா பேசிட்டிருந்தார், இன்னிக்கு உளறுறார், ஆளை அடையாளம் தெரியல" என்று சொல்லி அழைத்து வருகிற பெரியவர்களில் சிலருக்கு மூலகாரணம் இந்த அடைப்பாகவோ அதோடு வந்த சிறுநீர் அடைப்பாகவோ இருக்கும். வயிற்று வலி என்று வாய் திறந்து சொல்லாதவர்கள் இவர்கள். மறதி நோய் உள்ளவர்கள் வலியைச் சொல்ல மாட்டார்கள். சாப்பாட்டைத் தள்ளிவிடுவார்கள், தொட்டால் எரிந்து விழுவார்கள், அவ்வளவுதான்.

படி 2: மாத்திரைப் பையைக் கொட்டிப் பாருங்கள்

இந்தப் படியை அவசரத்தில் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால் எக்ஸ்ரேக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. பிளாஸ்டிக் பையில் இருக்கிற எல்லா அட்டைகளையும் எடுத்து வையுங்கள்.

வலிக்கான டிரமடால், இருமல் மருந்தில் வரும் கோடீன், புற்றுநோய் வலிக்கான மார்ஃபின் ஆகிய மூன்றும் குடலை மந்தமாக்கும். மார்ஃபின் தரும் மயக்கமும் குமட்டலும் சில நாளில் பழகிவிடும். மலச்சிக்கல் பழகவே பழகாது. அதனால் மார்ஃபின் தொடங்குகிற அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும். ரத்தசோகைக்கான இரும்பு மாத்திரை, மூட்டுவலிக்கு என்று வருடக்கணக்கில் சாப்பிடும் கால்சியம் மாத்திரை, அலுமினியம் கலந்த அல்சர் மருந்து, சில மனநல மருந்துகள் (குறிப்பாக க்ளோசபின்), தூக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின், ரத்த அழுத்தத்துக்கான வெரபமில், நீர் பிரியத் தரும் மாத்திரை என்று பட்டியல் நீளம். ஒன்று தனியாகச் செய்யாததை மூன்று சேர்ந்து செய்துவிடும். பார்த்துவிட்டு நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், க்ளோசபினை அறவே கூடாது. எழுதி எடுத்துப் போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மாத்திரை தவிர, உடம்பில் உள்ள காரணங்கள்: பக்கவாதம், பார்கின்சன், நாள்பட்ட சர்க்கரையால் நரம்பு பாதிப்பு, தைராய்டு குறைவு, சிறுநீரகக் கோளாறு, முதுகுத்தண்டு காயம். நம் பக்கத்தில் இதோடு ஒன்றைச் சேர்த்து யோசிக்க வேண்டும். இந்த இரண்டு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் பயன்பாட்டுக்கு வந்ததற்கு அதுவே முக்கியக் காரணம். அதற்கு முன்பு பல்லாண்டுகள் ஆழ்குழாய்த் தண்ணீர் குடித்து எலும்பு இறுகியவர்களில் சிலருக்கு முதுகெலும்புக்குள் இடம் குறுகித் தண்டுவடம் அழுந்தும். கால் மரத்துப் போவது, நடை தள்ளாடுவது, அதோடு மலமும் சிறுநீரும் கட்டுப்பாடு இழப்பது என்று சேர்ந்து வந்தால், மலக்கட்டியை மட்டும் எடுத்து அனுப்பாமல் முதுகையும் பார்க்கச் சொல்லுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. களியைக் குறை சொல்லாதீர்கள். கேழ்வரகில் நார்ச்சத்து உண்டு. பல் போன பிறகு களியும் கீரையும் நின்று, டீயும் பன்னும் கஞ்சியுமாக நாள் ஓடுவதுதான் பிரச்சினை. இரவில் எழுந்து கழிப்பறைக்குப் போகப் பயந்து சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரே குடிக்காத பாட்டிகளும் உண்டு.

படி 3: வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது

மல்லாந்து படுக்க வைத்து, முழங்கால் லேசாக மடக்கி, கையைச் சூடாக்கிக்கொண்டு தொட வேண்டும். அடிவயிற்றின் இடப்பக்கம் கட்டி தட்டுப்படலாம். மலக்கட்டிக்கு ஓர் அடையாளம் உண்டு: விரலால் அழுத்தினால் குழி விழும், விரலை எடுத்தாலும் குழி கொஞ்ச நேரம் நிற்கும். புற்றுக் கட்டி அப்படி அழுந்தாது. ஆனால் கல்லாகிப்போன மலமும் அழுந்தாது. ஆகவே குழி விழவில்லை என்றால் எதையும் முடிவு செய்ய முடியாது. தொப்புளுக்குக் கீழே நட்டநடுவில் உருண்டையாக, தொட்டால் சிறுநீர் வருவது போல உணர்த்தினால் அது நிரம்பிய சிறுநீர்ப்பை; குழாய் போட்டதும் கட்டி மாயமாகிவிடும்.

வயிறு பலகையாக விறைத்திருந்தால், லேசாகத் தொட்டாலே துடித்தால், காய்ச்சலும் படபடப்பும் இருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். எனிமா, பேதி மருந்து எதுவும் வேண்டாம். வத்தல்மலை, சித்தேரி, அஞ்செட்டிப் பக்கத்து மலைக் கிராமங்களிலிருந்து இறங்கி வரவே நேரம் பிடிக்கும். "காலையில் பார்த்துக்கலாம்" என்ற யோசனைக்கு இங்கே இடமில்லை.

படி 4: விரல் பரிசோதனை

கூச்சத்தால் தள்ளிப்போடப்படும் பரிசோதனை இது. நோயாளியும் கேட்க மாட்டார், பார்க்கிறவரும் சில சமயம் விட்டுவிடுவார். ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே, செலவில்லாமல், சில நிமிடத்தில் நோயைக் காட்டிக்கொடுப்பது இதுதான். பயிற்சி பெற்றவர்தான் செய்ய வேண்டும். சம்மதம் கேட்டு, திரை போட்டு, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, முழங்காலை வயிற்றுப் பக்கம் மடக்கி, கையுறையில் ஜெல்லியைத் தாராளமாகத் தடவிச் செய்வார்கள். பெண்களுக்கு இன்னொரு பெண் கூட இருப்பது நல்லது.

விரலில் என்ன தட்டுகிறது என்பதில் மூன்று விதம். கல் போலக் கட்டி இருந்தால் சந்தேகமில்லை. மலக்குடல் முழுக்கக் களிமண் போன்ற மென்மையான மலம் அடைந்திருந்தாலும் அதுவும் அடைப்புதான். வெளியே தள்ள வலு இல்லாதவருக்கு மென்மையான மலமும் தேங்கும். மூன்றாவது விதத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். மலக்குடல் காலியாக இருக்கும், "ஒன்றும் இல்லை, பேதிதான்" என்று எழுதிவிடுவார்கள். கட்டி சிக்மாய்டிலோ அதற்கு மேலோ இருந்தால் விரலுக்கு எட்டவே எட்டாது. மலக்குடல் காலி என்பது அடைப்பு இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. சந்தேகம் தொடர்ந்தால் படம் எடுக்க வேண்டும்.

விரலில் ரத்தம் வருகிறதா, கட்டியா புற்றா என்று சந்தேகப்படும்படி சுவரில் ஏதாவது தட்டுகிறதா, ஆசனவாய்த் தசை தளர்ந்திருக்கிறதா என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். கீமோ எடுத்து வெள்ளணுக்கள் குறைந்தவர்கள், அந்தப் பகுதியில் சமீபத்தில் அறுவை செய்தவர்கள், ரத்தம் உறையாமை உள்ளவர்கள் ஆகியோருக்கு மருத்துவர் சொல்லாமல் விரல் வைக்கக் கூடாது, எனிமாவும் கூடாது. புளியமரம் ஏறி விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் இந்தப் பக்கம் உண்டு. மார்பு முதுகெலும்பில் ஆறாவது எலும்பு அளவிலோ அதற்கு மேலோ காயம் என்றால், மலக்குடல் நிரம்பியிருப்பதோ அதைத் தூண்டுவதோ ரத்த அழுத்தத்தைத் திடீரென்று எகிற வைக்கும். மண்டை பிளக்கும் தலைவலி, முகம் சிவந்து வியர்த்தல் வந்தால் உடனே நிறுத்தி, நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். அதுவும் அவசர நிலை.

படி 5: படங்கள்

முதலில் சாதாரண எக்ஸ்ரே. வயிற்றுக்கு ஒன்று, நிற்க வைத்தோ உட்கார வைத்தோ நெஞ்சுக்கு ஒன்று. வயிற்றுப் படத்தில் மலக்கட்டி புள்ளிப் புள்ளியாகக் காற்றுக் குமிழ்கள் கலந்த நிழலாகத் தெரியும். அதற்கு மேலே குடல் எவ்வளவு விரிந்திருக்கிறது என்று பார்ப்பார்கள்: சிறுகுடல் 3 சென்டிமீட்டர், பெருங்குடல் 6, அதன் தொடக்கமான சீக்கம் 9 என்பது எல்லை. சீக்கம் 12-ஐ நெருங்கினால் வெடிக்கும் பயம் உண்டு. நெஞ்சுப் படம் எதற்கு என்று வீட்டார் கேட்பதுண்டு. உதரவிதானத்துக்குக் கீழே காற்று பிறை வடிவில் தெரிந்தால் குடல் ஓட்டையாகிவிட்டது என்று அர்த்தம், அதைப் பார்க்கத்தான். காற்று தெரியவில்லை என்பதற்காக ஓட்டை இல்லை என்றும் சொல்லிவிட முடியாது.

எக்ஸ்ரேயில் மலம் தெரிவது எல்லோருக்கும் இயல்பு. "மலம் நிறைய இருக்கு" என்ற ஒரு வரியை வைத்து அடைப்பு என்று முடிவு செய்துவிடக் கூடாது. நோயாளியின் கதையும் வயிறும் விரலும் சொல்வதோடு அது பொருந்த வேண்டும்.

வயிற்று ஸ்கேன், அதாவது அல்ட்ராசவுண்ட், குடலில் காற்று இருந்தால் அவ்வளவாக உதவாது. சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கிறதா, சிறுநீரகம் வீங்கியிருக்கிறதா என்று பார்க்க நல்லது. பேரியம் கொடுத்து எடுக்கும் படம் வேண்டாம்: பேரியமே காய்ந்து கட்டியாகும், ஓட்டை இருந்தால் வயிற்றுக்குள் பரவி நிலைமையை மோசமாக்கும்.

சந்தேகம் பலமாக இருந்தால் சி.டி. ஸ்கேன்தான் தீர்ப்புச் சொல்லும். கட்டி எங்கே, எவ்வளவு பெரிது, அதற்குப் பின்னால் புற்றோ குடல் முறுக்கலோ ஒளிந்திருக்கிறதா என்று காட்டும். இன்னொரு கேள்விக்கும் அதுதான் பதில் தரும்: குடல் சுவர் பாதிக்கப்பட்டிருக்கிறதா? சுவர் 3 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருப்பது, சுற்றியுள்ள கொழுப்பு கலங்கலாகத் தெரிவது, குடல் 6 சென்டிமீட்டருக்கு மேல் விரிந்திருப்பது எல்லாம் சேர்ந்தால் கட்டி சுவரைப் புண்ணாக்கத் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள். சுவருக்கு வெளியே காற்றுக் குமிழ்கள் இருந்தால் ஓட்டை. ரத்தக்குழாயில் மருந்து செலுத்தி எடுத்தால் சுவரின் எந்தப் பகுதிக்கு ரத்தம் போகவில்லை என்றும் தெரியும். அதற்கு முன்னால் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் பார்ப்பார்கள்; சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர் அதை மறக்காமல் சொல்ல வேண்டும்.

சி.டி.யும் அறுவை சிகிச்சையும் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும் என்றால் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, கிருஷ்ணகிரிக்காரர்களுக்குப் போலுப்பள்ளி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. வயிறு விறைத்த நோயாளியைப் படம் எடுக்க ஓர் இடம், டாக்டரைப் பார்க்க ஓர் இடம் என்று அலைக்கழிக்காதீர்கள்.

படி 6: ரத்தம்

வெள்ளணு, ஹீமோகுளோபின், சர்க்கரை, யூரியா, கிரியேட்டினின், சோடியம், பொட்டாசியம், கால்சியம், தைராய்டு. பொட்டாசியம் குறைந்தாலும் கால்சியம் கூடினாலும் குடல் அசையாது, அதனால் இவை காரணத்தைத் தேட உதவும். லாக்டேட் கூடியிருந்தால் குடலுக்கு ரத்தம் போதவில்லை என்று சந்தேகிப்பார்கள். வயதானவர்களுக்கு ஓட்டை விழுந்த பிறகும் வெள்ளணு கூடாமல், காய்ச்சலும் இல்லாமல் இருக்கலாம். ரிப்போர்ட் நார்மல் என்பதை மட்டும் நம்பி வீட்டுக்குக் கூட்டிப் போகாதீர்கள்.

என்னென்ன விபரீதம் வரலாம்

குடல் புண், அதிலிருந்து ரத்தப்போக்கு, ஓட்டை, வயிறு முழுக்கச் சீழ். ஓட்டை பெரும்பாலும் சிக்மாய்டில் விழும். உடனே அறுவை செய்து அந்தப் பகுதியை வெட்டி எடுத்து, பல சமயம் வயிற்றில் மலம் வெளியேற வழி வைப்பார்கள். அப்படியும் உயிரிழப்பு அதிகம். அதற்கு முந்தைய கட்டத்தில் கண்டுபிடிக்கத்தான் இத்தனை படிகளும்.

முழு அடைப்பு, குடல் முறுக்கிக்கொள்வது, சிறுநீர்க்குழாய் அழுந்திச் சிறுநீரகம் வீங்குவது, மூலம், ஆசனவாய் வெடிப்பு, மலக்குடல் வெளியே தள்ளுவது ஆகியவையும் உண்டு. வாந்தி புரையேறி நுரையீரலுக்குப் போவதையும் படுக்கையில் இருப்பவர்களுக்கு மறக்கக் கூடாது.

வீட்டு வைத்தியம் தரும் விபரீதங்கள் தனி. சோப்புத் தண்ணீர் எனிமா குடலின் உட்சுவரை வேக வைத்துவிடும். முழு அடைப்பில் விளக்கெண்ணெய் கொடுத்தால் மூடிய வழியை நோக்கிக் குடல் முட்டி மோதும். நார்ச்சத்துப் பொடியான இசப்கோல் கட்டி போன பிறகு நல்லது. கட்டி இருக்கும்போது கொடுத்தால் அதுவும் போய்ச் சேர்ந்து அடைக்கும். கடையில் கிடைக்கும் பாஸ்பேட் எனிமாவை வயதானவர்களுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் கேட்காமல் வைக்காதீர்கள். 24 மணி நேரத்தில் ஒரு தடவைக்கு மேல் சோடியம் பாஸ்பேட் எடுத்தால் சிறுநீரகமும் இதயமும் பாதிக்கப்படலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2014-இல் எச்சரித்தது.

குழந்தைகள் விஷயம் வேறு

பள்ளிக் கழிப்பறை பிடிக்காமல் அடக்கி அடக்கி வைக்கும் பிள்ளைக்கு ஜட்டியில் கறை படும். திட்டுவார்கள், அடிப்பார்கள். அது வேண்டுமென்று செய்வதில்லை. பெரியவர்களுக்குச் சொன்ன அதே வழிதல்தான். இவர்களுக்குக் கதையும் வயிறும் போதும், எக்ஸ்ரே வழக்கமாகத் தேவையில்லை. பிறந்து 48 மணி நேரத்துக்குள் முதல் மலம் போகாத குழந்தை என்றால் பிறவியிலேயே குடல் நரம்பு இல்லாத ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோயா என்று பார்க்க வேண்டும். கொய்யாவையோ சப்பாத்திக்கள்ளிப் பழத்தையோ கொட்டையோடு நிறையத் தின்ற பிள்ளைக்கு, முன்பு மலச்சிக்கலே இல்லாமல் திடீரென்று ஆசனவாயில் கடும் வலியும் அடைப்பும் வந்தால் கொட்டைகள் திரண்டு நிற்கின்றன என்று நினையுங்கள். விரலுக்கு நறநறவென்று தட்டும். பெரும்பாலும் மயக்கம் கொடுத்துத்தான் எடுப்பார்கள்.

கட்டி போன பிறகு

கீழே இருக்கும் கட்டியை விரலாலும் எனிமாவாலும் உடைத்து எடுப்பார்கள். மேலே இருந்தால், முழு அடைப்போ ஓட்டையோ இல்லை என்று உறுதியான பின், மலத்தை இளக்கும் பாலிஎதிலீன் கிளைகால் பொடியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுப்பார்கள். எடுத்ததோடு வேலை முடிந்தது என்று விட்டால் சில வாரத்தில் மறுபடி சேரும். மாத்திரைகளை மருத்துவர் திருத்த வேண்டும், மலமிளக்கி தொடர வேண்டும், சாப்பிட்ட பிறகு கால்களை ஒரு முக்காலியில் ஏற்றி வைத்துக் கழிப்பறையில் உட்கார வைக்க வேண்டும். போன நாளையும் தன்மையையும் நாள்காட்டித் தாளிலேயே குறித்து வையுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கப்பட்டதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். அதில் படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பராமரிப்பு உண்டு. வருகிறவரிடம் பிபி, சர்க்கரையோடு இந்தக் குறிப்பையும் காட்டுங்கள்.

ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு இது புதிதாக வந்திருந்தால், எடை குறைந்திருந்தால், மலத்தில் ரத்தம் இருந்தால், காரணம் தெரியாத ரத்தசோகை இருந்தால், குடல் ஆறிய பிறகு கொலோனோஸ்கோபி செய்து பார்க்க வேண்டும்; கட்டிக்குப் பின்னால் புற்று மறைந்திருக்கலாம். இரும்பு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு உள்ளே ரத்தம் கசியாவிட்டாலும் மலம் கறுப்பாகத்தான் இருக்கும். அதனால் நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், பழைய ஹீமோகுளோபின் ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்துப் போய் இப்போதையதோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.